மிஷினோடு உங்கள் போர்டும் வரட்டும்: பெங்களூரில் கரண்ட் மிஷின் பிடிக்கப் புதிதாக வருபவர்களுக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து பெங்களூருக்கு டைல்ஸ் வேலைக்கும் இன்டீரியர் வேலைக்கும் வருகிற பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கையில் மிஷின் பிடித்துவிடுகிறார்கள். கிரைண்டர், ஹேமர் டிரில், மார்பிள் கட்டர், பிளானர் என்று எது கிடைத்தாலும் பிடிக்க வேண்டியதுதான். பிளேடு வெட்டும் என்பது பார்த்தாலே தெரிகிறது. அதனால் பிளேடுக்கு எல்லோரும் பயந்து நடந்துகொள்கிறார்கள். கரண்ட் கண்ணுக்குத் தெரியாது. அது எங்கிருந்து வருகிறது, எப்படிக் கசிகிறது, எதைப் பார்த்துவிட்டு ஸ்விட்சை அழுத்த வேண்டும் என்று உட்கார்ந்து சொல்லித்தர சைட்டில் யாருக்கும் நேரம் இருப்பதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவதில் முக்கியமானது ஒன்றுதான். மிஷின் உங்களுடையது, அதை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அது கரண்ட் எடுக்கிற இடம் யாரோ எப்போதோ போட்ட ஒயரிங். இன்றைக்கு ஒயிட்ஃபீல்டில் புது ஃபிளாட், நாளைக்கு ஹலசூரில் பாட்டன் காலத்து வீடு, அடுத்த வாரம் எலக்ட்ரானிக் சிட்டியில் பாதி எழும்பிய கட்டடம். அந்த ஒயரிங்கை நீங்கள் பிரித்து மாற்ற முடியாது. ஆனால் அதற்கும் உங்கள் மிஷினுக்கும் நடுவே ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக லைனை அறுக்கிற ஸ்விட்ச்) வைத்த சொந்த போர்டு ஒன்றை வைக்க முடியும். மிஷின் பையோடு அந்த போர்டும் எல்லாச் சைட்டுக்கும் போக வேண்டும். கீழே சொல்வதில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இது ஒன்று நினைவிருக்கட்டும்.

எவ்வளவு கரண்ட் ஆளைக் கொல்லும்

நம் லைன் 230 வோல்ட். 4 இன்ச் கிரைண்டர் ஓடும்போது மூன்று, நான்கு ஆம்பியர் இழுக்கும். ஆளைக் கொல்ல அதில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு போதும். அதனால்தான் இந்தக் கணக்கை ஆம்பியரில் பார்க்காமல் மில்லி ஆம்பியரில் பார்க்கிறார்கள். ஒரு ஆம்பியர் என்பது 1,000 மில்லி ஆம்பியர்.

உடம்பில் 1 மில்லி ஆம்பியர் ஓடினால் லேசாகச் சுருக்கென்று தெரியும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் கைத்தசை இறுகிக்கொள்ளும். விரலை மடக்குகிற தசை, நீட்டுகிற தசையைவிட வலுவானது. ஆகவே மிஷினைப் பிடித்த கை, விட வேண்டும் என்று நினைத்தாலும் விடாது. "கரண்ட் இழுத்துப் பிடிச்சுக்கிச்சு" என்று ஊரில் சொல்வது இதைத்தான். 30-ஐத் தாண்டி நீடித்தால் நெஞ்சு இறுகி மூச்சு விட முடியாமல் போகும். 50, 100 என்று ஏறும்போது இதயம் ஒழுங்காகத் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கும். அப்போது ரத்தம் ஓடாது.

வியர்த்த கை, ஈரத் தரையில் வெறுங்கால் என்றால் உடம்பின் தடை ஏறக்குறைய 1,000 ஓம் வரை இறங்கிவிடும். 230-ஐ 1,000-ஆல் வகுத்துப் பாருங்கள்: 230 மில்லி ஆம்பியர். போர்டில் இருக்கும் எம்சிபி, அதாவது அளவுக்கு மீறிக் கரண்ட் போனால் தானாக விழுந்து லைனை அணைக்கிற ஸ்விட்ச், 6 ஆம்பியர் அல்லது 16 ஆம்பியர். உங்கள் உடம்பு வழியாக 230 மில்லி ஆம்பியர் போவதற்கும், ஒரு 50 வாட் குண்டு பல்பு எரிவதற்கும் எம்சிபிக்கு வித்தியாசம் தெரியாது. அது விழாது. எம்சிபி ஒயர் எரியாமல் காப்பதற்காக வைத்தது. "எம்சிபி இருக்கு, பயமில்ல" என்று யாராவது சொன்னால் அதை நம்பி மிஷினை எடுக்காதீர்கள்.

எர்த் இருக்கிறதா என்பது

மிஷினுக்குள்ளே ஒயரின் மேலுறை தேய்ந்து, பேஸ் (கரண்ட் வருகிற ஒயர்) இரும்பு உடம்பைத் தொட்டுவிட்டால் அந்த உடம்பு முழுக்க 230 வோல்ட். அப்போது கரண்ட் உங்கள் வழியாக இறங்காமல் தனி ஒயர் வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். ஏரி நிரம்பினால் கரை உடையாமல் கோடி வழியாகத் தண்ணீர் வெளியேறுகிற மாதிரி, எர்த் ஒயர் கரண்டுக்குக் கோடி. மூன்று பின் பிளக்கில் பெரிய பின் அதுதான். அது மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு: சொருகும்போது முதலில் எர்த் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில்தான் விட வேண்டும். அந்தப் பின்னை வெட்டிவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் சொருகுவதைச் சைட்டில் தினமும் பார்க்கலாம். பின்னை வெட்டிய இரும்பு உடம்பு மிஷினைத் தொடவே வேண்டாம்.

சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று ஆகிவிடாது. ஹலசூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கத்துப் பழைய வீடுகளில் இரண்டே ஒயர் போட்ட லைன் இன்னும் இருக்கிறது. பிறகு மாற்றிய சாக்கெட்டில் எர்த் ஓட்டை சும்மா நிற்கும். அதைவிட மோசம், எர்த் இல்லாத இடத்தில் நியூட்ரலையும் (கரண்ட் திரும்பிப் போகிற ஒயர்) எர்த்தையும் சாக்கெட்டுக்குள்ளேயே ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிடுவது. பார்ப்பதற்கு எல்லாம் சரியாக ஓடும். என்றைக்காவது நியூட்ரல் எங்காவது அறுந்தால், அந்த நிமிடமே மிஷினின் உடம்புக்கு முழுக் கரண்டும் வந்துவிடும்.

உண்மையான எர்த் குழி இருந்தாலும் கூட ஒரு சிக்கல் உண்டு. பெங்களூர் பாறை மேல் இருக்கிற ஊர். கோடையில் மேல்மண் காய்ந்தால் எர்த்தின் தடை ஏறும். ஒரு குழியின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேஸ் மிஷின் உடம்பைத் தொட்டால் 230-ஐ 20-ஆல் வகுத்து 11.5 ஆம்பியர் மண்ணுக்குப் போகும். 16 ஆம்பியர் எம்சிபி அதற்கு அசையாது. எர்த் வழியாகக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும், மிஷின் உடம்பிலும் வோல்டேஜ் நின்றுகொண்டே இருக்கும். இந்த இடத்தில்தான் ஆர்சிசிபி வேண்டியிருக்கிறது.

உங்கள் சொந்த போர்டு

ஆர்சிசிபி செய்வது எளிய வேலை. பேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். போனதைவிட வந்தது குறைந்தால் எங்கோ கசிகிறது, உங்கள் உடம்பு வழியாகக்கூட இருக்கலாம். உடனே லைனை அறுத்துவிடும். 30 மில்லி ஆம்பியர் வகை என்றால் 30 மில்லி ஆம்பியர் கசியும்போது 0.3 நொடிக்குள் விழ வேண்டும், 150 கசிந்தால் 0.04 நொடிக்குள். இதயம் தடுமாறுவதற்கு முன் கரண்ட் நின்றுவிடும்.

எஸ்.பி. ரோட்டில் எலக்ட்ரிக்கல் கடைகள் வரிசையாக இருக்கின்றன, தமிழ் பேசுகிற கடைக்காரர்களுக்கும் குறைவில்லை. அங்கே போய், பழைய பேர் சொல்லி "ஈஎல்சிபி கொடுங்க" என்று மட்டும் கேட்டால் கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுப்பார்கள். இப்படிக் கேளுங்கள்: 25 ஆம்பியர், டபுள் போல், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. 100, 300 மில்லி ஆம்பியர் என்று போட்டிருப்பவை கட்டடம் தீப்பிடிக்காமல் காப்பதற்கு. ஆளைக் காக்க 30 வேண்டும், அந்த எண் முகப்பிலேயே அச்சடித்திருக்கும். ஏசி டைப், ஏ டைப் என்று இரண்டு இருக்கும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற மிஷின்களில் உள்ளே எலக்ட்ரானிக் சர்க்யூட் இருப்பதால் ஏ டைப் கிடைத்தால் அதை வாங்குங்கள். ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள்.

இதோடு 16 ஆம்பியர் எம்சிபி ஒன்று. மோட்டார் கிளம்பும்போது கரண்டை வெடுக்கென்று இழுக்கும், அதனால் சி டைப். ஆர்சிசிபி, எம்சிபி இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த ஆர்சிபிஓ கிடைத்தால் ஒரே பொருளில் வேலை முடியும். மழைத்தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பெட்டி, 6 ஆம்பியர், 16 ஆம்பியர் இரண்டு பிளக்கும் போகிற சாக்கெட் இரண்டு, 16 ஆம்பியர் மூன்று பின் டாப் (பிளக்), 2.5 ஸ்கொயர் எம்எம் மூன்று கோர் (உள்ளே மூன்று ஒயர்) ரப்பர் கேபிள் அல்லது நல்ல பிவிசி கேபிள். கேபிள் பெட்டிக்குள் நுழைகிற இடத்தில் கேபிளைக் கவ்விப் பிடிக்கிற கேபிள் கிளாண்ட் போட்டு இறுக்குங்கள். அது இல்லாவிட்டால் யாராவது கேபிளைப் பிடித்து இழுக்கும்போது உள்ளே எர்த் முனை கழன்றுகொள்ளும், வெளியே எதுவும் தெரியாது.

இணைப்பை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் செய்யட்டும். ஆனால் அவர் செய்வதை நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பேஸும் நியூட்ரலும் இரண்டுமே ஆர்சிசிபிக்குள் போய் வெளியே வர வேண்டும். எர்த் அதற்குள் போகாமல் நேராக சாக்கெட்டின் எர்த் முனைக்குப் போக வேண்டும். ஆர்சிசிபியைத் தாண்டிய நியூட்ரலை வேறு எந்த நியூட்ரலோடும் எர்த்தோடும் சேர்க்கக் கூடாது. நிறங்கள்: பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் கோடு எர்த். பழைய ஒயர்களில் சிவப்பு, கறுப்பு, பச்சை.

ஆர்சிசிபியில் 'டி' என்று எழுதிய சின்ன பட்டன் இருக்கும். கரண்ட் வந்த பிறகு அதை அழுத்தினால் 'டக்'கென்று விழ வேண்டும். விழாத போர்டு வெறும் டப்பா. மாதம் ஒருமுறை அழுத்தினால் போதும் என்று கம்பெனிக்காரர்கள் எழுதுவார்கள், அது வீட்டுக்குச் சரி. தூசியும் அதிர்ச்சியும் படுகிற சைட் போர்டை நாள்தோறும் காலையில் அழுத்திப் பாருங்கள், இரண்டு நொடி வேலை.

ஆர்சிசிபியால் முடியாத ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கை பேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டு, கால் காய்ந்த பலகை மேல் இருந்தால், போன கரண்ட் அப்படியே திரும்பி வருகிறது. ஆர்சிசிபி உங்களை ஒரு மிஷின் என்று எடுத்துக்கொள்ளும், விழாது. அதோடு, அது விழுகிற நேரத்திலும் ஒரு அடி உங்களுக்கு விழத்தான் செய்யும். சாரத்தின் மேலோ ஏணி மேலோ இருந்தால் அந்த அதிர்ச்சியில் கீழே விழலாம். அதனால் போர்டு இருக்கிறது என்று மற்ற கவனத்தைத் தளர்த்தக் கூடாது.

மிஷினைப் படிப்பது

மிஷினின் பெயர்ப்பட்டியைப் பாருங்கள். ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டை இன்சுலேஷன் மிஷின், அதாவது கரண்ட் வெளியே வராமல் இரண்டு அடுக்குக் காப்பு போட்டது. இப்போது வரும் டிரில், கிரைண்டர்களில் பெரும்பாலும் இந்தக் குறி இருக்கும். அதற்கு இரண்டு கோர் ஒயர்தான் வரும், எர்த் தேவையில்லை. அந்தக் குறி இல்லாமல் இரும்பு உடம்போடு இருக்கிற பழைய பெஞ்ச் கிரைண்டர், கட் ஆஃப் மிஷின், மோட்டார் வைத்த மர ரம்பம் ஆகியவற்றுக்கு எர்த் கட்டாயம்.

இரட்டை இன்சுலேஷன் என்பதை நம்பி ஏமாறுகிற இடம் இரண்டு உண்டு. ஒன்று தண்ணீர், அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். இன்னொன்று தூசி. கிரைண்டரில் இரும்பு வெட்டும்போது பறக்கிற பொடியைக் காற்றுத் துளை வழியாக மிஷினே உள்ளே இழுத்துக்கொள்கிறது. மோட்டாருக்குள் தேய்கிற கார்பன் பிரஷ்ஷின் பொடியும் உள்ளேயே தங்குகிறது. இரண்டும் கரண்ட் கடத்தும். மாதக்கணக்கில் படிந்தால் கரண்ட் வெளி உடம்புக்கு வர அதுவே பாதை ஆகிவிடும். வாரம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, புளோயரால் துளைகளில் ஊதிவிடுங்கள். கார்பன் பக்கம் நீலப் பொறி வளையமாகச் சுற்றி எரிந்தால் கார்பனை மாற்றுகிற நேரம் வந்துவிட்டது. அதோடு ஓட்டிக்கொண்டிருந்தால் மோட்டாரில் சுற்றுகிற ஆர்மேச்சரும் போகும்.

காலையில் பிளக் சொருகும் முன் ஒரு நிமிடம் ஒயரைப் பாருங்கள். எங்கே பார்க்க வேண்டும் என்றால், மிஷினுக்குள் ஒயர் நுழைகிற கழுத்துதான். அங்கே ரப்பர் உறை ஒன்று இருக்கும். அதை லேசாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளையுங்கள். நல்ல ஒயர் வழுவழுவென்று வளையும். கெட்டுப்போக ஆரம்பித்த ஒயரில் முடி போல வெடிப்புக் கோடுகள் திறக்கும், அதற்குள் நீலமோ பழுப்போ எட்டிப் பார்க்கும். மிஷினை ஒயரைப் பிடித்துத் தூக்குகிற சைட்டுகளில் இந்தக் கழுத்து சீக்கிரம் போய்விடுகிறது. அடுத்தது பிளக்கின் கழுத்து. அடுத்தது நடுவே டேப் சுற்றிய இடங்கள். டேப் சுற்றிய ஒயர் வெயிலில் பசை இளகி நழுவும், மழையில் தண்ணீர் குடிக்கும். அந்த மிஷினுக்கு ஒயரை முழுசாக மாற்றுவது ஒன்றுதான் சரி.

பழுது பார்த்துத் திரும்பி வாங்கும்போது மெகர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 500 வோல்ட் கொடுத்து இன்சுலேஷன் கசிகிறதா என்று காட்டுகிற கருவி அது. நல்ல காயில் கட்டுகிற கடையில் இருக்கும். ஓடுகிறதா என்று மட்டும் காட்டிக் கொடுக்கிற கடையில் அந்த மிஷினை அடுத்த முறை கொடுக்காதீர்கள்.

தீக்குச்சி

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். பிளக் உடைந்துபோயிருக்கும், புதிது வாங்க ஆள் போயிருக்காது. ஒயரின் இரண்டு முனையையும் சீவி, சாக்கெட் ஓட்டையில் விட்டு, கழன்று வராமல் இருக்க இரண்டு தீக்குச்சியைச் சொருகி இறுக்குவார்கள். அந்த ஒயரில் ஒருவர் கால் தடுக்கினால் முனை வெளியே வந்து தரையில் கிடக்கும், எது பேஸ் என்று யாருக்கும் தெரியாது. எர்த் ஒயர் அங்கே கிடையவே கிடையாது. தூக்கத்தில்கூட இதைச் செய்யாதீர்கள். "ரெண்டு நிமிஷ வேலைதானே தம்பி" என்று மேஸ்திரி சொன்னாலும், "அண்ணே, பிளக் மாட்டிட்டு உடனே ஆரம்பிச்சிடறேன்" என்று சொல்லுங்கள். அதற்காகவே பையில் மூன்று பின் டாப் இரண்டும் ஒரு ஸ்குரூ டிரைவரும் எப்போதும் இருக்கட்டும்.

எக்ஸ்டென்ஷன் பற்றிச் சுருக்கமாக. டிவிக்கு வாங்குகிற மெல்லிய வெள்ளை பாக்ஸ் மிஷினுக்கு ஆகாது. 2.5 ஸ்கொயர் எம்எம் மூன்று கோர் வேண்டும். ரீலில் சுற்றி இருப்பதை முழுவதும் பிரித்துப் போடுங்கள், சுற்றியபடியே ஓட்டினால் உள்சுற்று சூடாகி உறை உருகும். கதவு இடுக்கில், கம்பிக் குவியலில், தள்ளுவண்டி போகிற வழியில் ஒயரைப் போடாதீர்கள். இரண்டு எக்ஸ்டென்ஷனை ஒட்டிய இடம் தரையில் கிடக்கக் கூடாது, செங்கல் மேலாவது வையுங்கள்.

சைட்டில் கால் வைத்ததும்

முதலில் மெயின் எங்கே என்று கேளுங்கள். ஆபத்து வந்த பிறகு தேடக் கூடாது. அபார்ட்மெண்டில் ஃபிளாட்டுக்குள் எம்சிபிகள் இருக்கிற பெட்டியான டிபி ஒன்று, கீழே மீட்டர் அறையில் ஒன்று என்று இரண்டு இடம் இருக்கும், இரண்டையும் போய்ப் பார்த்துவிடுங்கள். இன்வெர்ட்டர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். மெயினை அணைத்த பிறகும் இன்வெர்ட்டர் லைனில் கரண்ட் இருக்கும்.

அடுத்து சாக்கெட். டெஸ்டர் வைத்தால் எது பேஸ் என்று மட்டும்தான் தெரியும், எர்த் இருக்கிறதா என்று அது சொல்லாது. மூன்று விளக்கு வைத்த சாக்கெட் டெஸ்டர் பிளக் என்று கிடைக்கிறது. சொருகினால் பேஸும் நியூட்ரலும் மாறியிருந்தாலும், எர்த் ஒயர் இல்லாமல் இருந்தாலும் விளக்கு காட்டிக்கொடுக்கும். எர்த் குழி எவ்வளவு நல்லது என்பதையோ, நியூட்ரலை எர்த்தோடு சேர்த்த திருட்டு வேலையையோ அதனால் கண்டுபிடிக்க முடியாது. ஆனாலும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டிய பொருள்.

பிறகு உங்கள் போர்டைச் சொருகுங்கள், டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், விழுந்ததும் மறுபடி தூக்குங்கள். மிஷினின் ஸ்விட்ச் ஆஃபில் இருக்கிறதா, லாக் பட்டன் அழுந்தாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மிஷின் பிளக். இந்த வரிசை மாறக் கூடாது.

காலில் ரப்பர் அடி போட்ட ஷூ. சைட்டில் ஹவாய் செருப்போடு நிற்கிறார்கள், ஈரம் பட்டால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான். இரும்பு சாரத்திலும் அலுமினிய ஏணியிலும் நின்று மிஷின் ஓட்டுவதைத் தவிர்க்கப் பாருங்கள். மர ஏணி, ஃபைபர் ஏணி நல்லது.

தண்ணீரும் மார்பிள் கட்டரும்

டைல்ஸ், கிரானைட் வேலைக்கு வருபவர்கள் இந்தப் பகுதியை இரண்டு தரம் படியுங்கள். கல்லைக் காய்ந்தபடி வெட்டினால் எழுகிற தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலைக் கெடுத்துவிடும். அதனால் தண்ணீர் விட்டு வெட்டச் சொல்கிறார்கள், அது சரியான பேச்சு. ஆனால் 1,200 வாட் மிஷின் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு, ஹெல்ப்பர் மேலேயிருந்து தண்ணீரைப் பீய்ச்ச, தேங்கிய சேற்றுத் தண்ணீரில் குந்தி உட்கார்ந்து வெட்டுகிறோம். பிளேடு சுற்றுகிற வேகத்தில் தண்ணீர் சாம்பல் நிறக் குழம்பாக மேலே தெறிக்கும், மிஷினின் காற்றுத் துளை அதை உள்ளே இழுக்கும், கைப்பிடி வழியாக முழங்கை வரை வழியும். இரட்டை இன்சுலேஷன் குறி இருந்தாலும் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டால் அந்தக் குறிக்கு அர்த்தம் இல்லை.

இந்த வேலைக்கு ஆர்சிசிபி போர்டு இல்லாமல் உட்காரவே கூடாது, இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. போர்டு ஈரத்திலிருந்து தள்ளி, பக்கத்து அறையில், இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். தண்ணீரைப் பிளேடு கல்லைத் தொடுகிற இடத்தில் மட்டும் சொட்டுச் சொட்டாக விடச் சொல்லுங்கள். மிஷின் மேல் ஊற்றக் கூடாது. கல்லைத் தரையில் வைத்து வெட்டாமல் மரக்கட்டை மேல் உயர்த்திப் போட்டால் தேங்குகிற தண்ணீர் விலகிப் போகும், முதுகுக்கும் நல்லது. மிஷின் ஒயர் பிளக்குக்குப் போகும் வழியில் ஒரு இடத்தில் தாழ்ந்து தொங்கி மறுபடி ஏறட்டும். ஒயர் வழியாக ஓடி வருகிற தண்ணீர் அந்தத் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. கையில் ரப்பர் கையுறை, காலில் கம்பூட். ஈரக் கையால் பிளக்கைத் தொடாதீர்கள். வேலை முடிந்ததும் மிஷினைத் துடைத்து, காற்று படுகிற இடத்தில் நிமிர்த்தி வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த முறை சொருகுங்கள்.

நிறைய வெட்ட வேண்டிய வேலையென்றால் தண்ணீர்த் தொட்டியோடு வருகிற டேபிள் கட்டரை வாடகைக்கு எடுத்துத்தரச் சொல்லிக் காண்ட்ராக்டரிடம் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை, வேலையும் சுத்தமாக வரும்.

பெங்களூரில் செப்டம்பர், அக்டோபரில் மாலை மழை பலமாகப் பெய்யும். ஏப்ரல், மே மாதத்திலும் சொல்லாமல் வரும். மொட்டை மாடியிலோ பேஸ்மெண்டிலோ வேலை என்றால் வானம் கறுத்ததுமே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். தண்ணீர் நிற்கிற பேஸ்மெண்டுக்குள், அங்கே கரண்ட் அணைத்தாயிற்று என்று உறுதியாகத் தெரியும்வரை இறங்க வேண்டாம்.

சுவரைத் துளைக்கும்போது

ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலே, நேர் கீழே, பக்கவாட்டில் சுவருக்குள் ஒயர் போகும் என்று எப்போதும் நினைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்த அறையின் எம்சிபியை அணைத்துவிட்டு வேறு அறையிலிருந்து கரண்ட் எடுங்கள். வீட்டுக்காரரிடம் ஒயரிங் போட்டபோது எடுத்த போட்டோ இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், புது ஃபிளாட்டுகளில் பலர் வைத்திருக்கிறார்கள். டிரில்லை ரப்பர், பிளாஸ்டிக் பிடியில் மட்டும் பிடியுங்கள். முன்னாலிருக்கும் இரும்புப் பகுதியில் கை வைத்து அழுத்துகிற பழக்கம் ஆபத்து. 18 வோல்ட் பேட்டரி டிரில்லுக்கும் இது பொருந்தும். பேட்டரி ஷாக் அடிக்காது, ஆனால் அதன் பிட் சுவருக்குள் இருக்கிற 230 வோல்ட் ஒயரைத் துளைத்தால் அடிக்கும். மற்றபடி ஈரமான இடத்தில் சின்ன வேலைகளுக்குப் பேட்டரி மிஷின்தான் நல்லது.

வேலை நடுவே கரண்ட் போனால் உடனே ஸ்விட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். லாக் போட்ட கிரைண்டர் தரையில் கிடக்கும்போது கரண்ட் திரும்பி வந்தால் தானாகச் சுற்றி ஓட ஆரம்பிக்கும். பிளேடு மாற்றும்போதும் பிளக் வெளியே இருக்க வேண்டும்.

"சுர்ருன்னு அடிக்குது அண்ணே"

மிஷினைப் பிடித்தால் விரலில் சுர்ரென்று ஏறுகிறது என்று ஹெல்ப்பர் சொன்னால், "செருப்பு போட்டுக்கடா" என்று பதில் வரும். அந்தச் சுர் என்பது கசிவு ஆரம்பித்துவிட்டதற்கு அடையாளம். இன்றைக்கு 2 மில்லி ஆம்பியர் கசிவது, கை வியர்த்தால் நாளைக்கு 20 ஆகும். மிஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஒரு துணியை அதில் கட்டி "பழுது" என்று எழுதி, அடுத்தவர் கை படாத இடத்தில் வையுங்கள். ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தாலும் இதே பாடம். ஒவ்வொரு மிஷினாகச் சொருகிப் பார்த்தால் எதில் விழுகிறது என்று தெரிந்துவிடும். "இது தொல்லை, வேலை கெடுது" என்று ஆர்சிசிபியைத் தவிர்த்து நேராக இணைத்துக்கொள்ள யாரையும் விடாதீர்கள்.

ஒருவருக்கு அடித்துவிட்டால்

ஓடிப்போய் தொடாதீர்கள், நீங்களும் ஒட்டிக்கொள்வீர்கள். மெயினை அணையுங்கள், அல்லது பிளக்கைப் பிடுங்குங்கள். இரண்டும் எட்டாவிட்டால் காய்ந்த பலகை மேல் நின்று, காய்ந்த மரக்கட்டையால் ஒயரை அவரிடமிருந்து தள்ளுங்கள். சைட்டில் கன்னடக்காரர்களும் வடநாட்டுக்காரர்களும் இருப்பார்கள், தமிழில் கத்தினால் புரியாது. "மெயின் ஆஃப் மாடி! முட்டபேடி!" என்று கன்னடத்திலும், "மெயின் பந்த் கரோ! ஹாத் மத் லகாவோ!" என்று இந்தியிலும் கத்தத் தெரிந்திருக்க வேண்டும். மெயினை அணை, தொடாதே என்பதுதான் இரண்டும்.

கரண்ட் நின்றதும் ஒருவர் 108-க்கோ 112-க்கோ போன் செய்யட்டும். கீழே கிடப்பவர் அசையாமல், மூச்சு விடாமல் இருந்தால் மல்லாக்கப் படுக்க வைத்து, மார்பின் நடுவே இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து அழுத்துங்கள். 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல், ஆள் மாற்றி ஆள் அழுத்துங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், மண்ணில் புதைக்க வேண்டாம். மூச்சு இருந்து நினைவு மட்டும் இல்லையென்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உயரத்திலிருந்து விழுந்தவர் என்றால் கழுத்தைத் திருப்பாதீர்கள்.

எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்ல அண்ணே, டீ குடிச்சா சரியாயிடும்" என்று சொன்னாலும், மயக்கம் வந்திருந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, தோலில் கருகிய இடம் இருந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். வெளியே சின்னப் புள்ளியாகத் தெரிகிற தீக்காயத்துக்குக் கீழே தசை வெந்திருக்கலாம். கே.ஆர். மார்க்கெட் பக்கத்து விக்டோரியா அரசு ஆஸ்பத்திரியில் தீக்காயத்துக்குத் தனிப் பிரிவு உண்டு. டாக்டரிடம் "கரண்ட் அடிச்சது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். கீழே விழுந்துவிட்டார் என்று மட்டும் சொல்லச் சொல்லி யாராவது கட்டாயப்படுத்தினால் கேட்காதீர்கள். வைத்தியமும் தவறிப்போகும், பிறகு நஷ்டஈடு கேட்கவும் கையில் காகிதம் இருக்காது.

அந்தக் காகித விஷயத்தில் இன்னொன்று. கர்நாடகக் கட்டடத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள். 18 வயது முதல் 60 வயதுக்குள் இருந்து, கடந்த 12 மாதத்தில் 90 நாள் கட்டட வேலை செய்திருந்தால் பதியலாம். டைல்ஸ், கார்பென்டர், எலக்ட்ரீஷியன், பெயிண்டர் எல்லாம் இதில் சேரும். வேலை செய்த 90 நாளுக்குச் சான்று வேண்டும் என்பதால், வேலை முடிந்து அடுத்த சைட்டுக்குப் போகும் முன்பே காண்ட்ராக்டரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.